சுவரும் தரையும் சேரும் மூலை

மேகத்துக்கு அந்த மலை மடத்தில் கதவு தட்டும் வழக்கம் கிடையாது. ஜன்னல் வழியே வரும், குளியலறையில் கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். அன்று காலையும் வந்திருந்தது. புதிதாக ஒட்டிய நீல டைல்ஸ் நாலு பக்கமும் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் ஏதோ குளத்துக்கு அடியில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

ஒருவர் மாசிலாமணி. டைல்ஸ் மேஸ்திரி. மனைவி காலமான பிறகு மடத்துக்கு வந்து சீடராகத் தங்கிவிட்டவர். இன்னொருவர் குரு. நாற்பது வயதுப் பெண். அறுபதைத் தாண்டிய மேஸ்திரியும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னிக்குப் பூங்கோதை வர்றா அம்மா," என்றார் மேஸ்திரி. ரப்பர் பலகையால் கலவையை இடுக்குகளில் சாய்வாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"மகளா?"

"ஆமா. என் பேச்சை மீறிக் கட்டிக்கிட்டுப் போனவ. நாளைக்கு ரெண்டு பேரும் மஸ்கட் போறாங்களாம். போறதுக்கு முன்னால பார்க்கணும்னு சொல்லி அனுப்பினா. நீ மட்டும் உள்ள வா, அவன் கேட்டுக்கு வெளியே நிக்கட்டும்னு நானும் சொல்லி அனுப்பிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"பதிலே இல்ல. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க."

யார் மனம் கல் என்று குரு கேட்கவில்லை.

மேஸ்திரியின் கை நின்றது. "பயமா இருக்கும்மா. பேச ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் உடைஞ்சு போகுது. இன்னிக்கு விட்டா அவ எனக்கு இல்ல. உடையாத மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க."

"கொஞ்சம் கலவை கொடுங்க," என்றார் குரு. "இது சிமெண்ட்தானே?"

"ஹாலுக்குன்னா இடுக்கை அடைக்க சிமெண்ட் கிரவுட் போதும். இது தண்ணி புழங்குற இடம். அதனால எபாக்சிங்கிற பசைக் கலவை. கல்லு மாதிரி இறுகிடும்."

குரு தலையாட்டினார். கரண்டியில் கொஞ்சம் அள்ளி, சுவரும் தரையும் சேரும் மூலையில் அப்பினார்.

"ஐயோ, அங்க வேணாம்மா."

தொழில்காரருக்குக் கோபம் வந்தால் குருவாவது சாமியாவது. மேஸ்திரி கரண்டியைப் பிடுங்கி அப்பியதைச் சுரண்ட ஆரம்பித்தார். "மூலையில இதை வைக்கவே கூடாது. விரிசல் விட்டுடும்."

"நல்லாத்தானே ஒட்டுது?"

"இன்னிக்கு ஒட்டும். வெயில் ஏறினா சுவரு ஒரு பக்கம் அசையும், தரை ஒரு பக்கம் அசையும். கண்ணுக்குத் தெரியாது."

"அசையாம நிக்கச் சொல்லக் கூடாதா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "சுவரு யார் பேச்சைக் கேக்கும்?"

"அப்போ இன்னும் கெட்டியா ஒண்ணு வைங்க."

"கெட்டியா வெச்சா கலவை நிக்கும்மா, டைல்ஸ் தெறிச்சுப் போயிடும். எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன்."

"வேற என்னதான் வைப்பீங்க?"

"சிலிகான். ரப்பர் மாதிரி இருக்கும். ரெண்டையும் பிடிச்சுக்கும். இது நகர்ந்தா நீளும், அது நகர்ந்தா..."

சுரண்டிய கலவை கரண்டியிலேயே இருந்தது. மேகம் இருவருக்கும் நடுவே வந்து நின்றது, சற்று நேரம் முகம் தெரியவில்லை.

கீழே கேட்டில் மணி அடித்தது.

மேஸ்திரி ஜன்னலுக்குப் போனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரே குடைக்குள் இரண்டு உருவங்கள் நின்றன. எது யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனார். குருவும் பின்னால் வந்தார். அடுப்பில் சுக்குக் காபி கொதித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒரு டம்ளரில் ஊற்றினார்.

"அவகிட்ட என்னம்மா சொல்றது?"

குரு அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஆறுறதுக்குள்ள கொண்டு போங்க. மழையில ரெண்டு பேர் நிக்கிறாங்க."