மாப்பிள்ளைக்குச் சிக்னல் கிடைத்த கதை

செம்பருத்திவிளையில் பலவேசம், கொம்பையா, நம்பிராஜன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் பொதுவாக ஒரு வீடு, ஒரு பைக், ஒரு மூளை. வீடு தெருமுனையில் இருக்கிறது, பைக் வாசலில் நிற்கிறது. மூளை யாரிடம் இருக்கிறது என்றுதான் இன்றுவரைக்கும் துப்புக் கிடைக்கவில்லை.

மூத்தவர் பலவேசத்துக்கு நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. கடைசியில் சாமி கண்ணைத் திறந்து, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் வடிவு என்கிற பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பார்ப்பதெல்லாம் வீடியோ காலில். முதல் தடவை பலவேசம் கொட்டாவி விடும் நேரம் பார்த்து நெட் நின்றது. திறந்த வாயோடு மாப்பிள்ளை அப்படியே நின்றுபோனார். அடுத்த தடவை தும்மும்போது.

பெண்ணின் அம்மா தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைசியா ஒரு தடவை பாப்போம். அன்னைக்கும் மாப்பிள்ளை நின்னுபோனா, நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம்."

பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. வடிவின் சிரிப்பை அரைகுறையாகப் பார்த்ததற்கே மனுஷர் சொக்கிப்போயிருந்தார். ஞாயிறு காலையிலேயே இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், மோடத்தை வீட்டுக்கு நடுவுல வைங்க," என்றாள் அங்கே பேசிய பெண்.

கயிறு பிடித்து அளந்தார்கள். நடுக்கூடத்தில் சாப்பாட்டு மேஜைதான் நடு. பலவேசம் மோடத்தை அதன்மேல் வைக்கப்போனார்.

"அண்ணே, அவசரப்படாதீங்க," என்றான் நம்பிராஜன். "வீட்டுக்கு உயரம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"அட, ஆமால்லா! உன்னைப் பெத்த வயிறு குளிரட்டும்லே!" என்றார் பலவேசம். தன்னையும் அதே வயிறுதான் பெற்றது என்பது கொஞ்சம் பிந்தித்தான் ஞாபகம் வந்தது.

ஃபேன் இறக்கையில் கயிறு கட்டி, மோடத்தை அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். வேர்த்து ஊற்றியது. கொம்பையா ஃபேனைப் போட்டான். மோடம் ராட்டினம் மாதிரி சுற்றியது.

"பரவால்லையே, எல்லா மூலைக்கும் சமமாப் போய்ச் சேருது," என்று நம்பிராஜன் சொல்லி முடிக்குமுன் வயர் பிடுங்கிக்கொண்டு மோடம் கொம்பையாவின் மண்டையில் விழுந்தது. நல்லவேளை, மோடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி போன். "மோடத்துக்கும் உங்க போனுக்கும் குறுக்கால பெரிய சாமான் எதுவும் இருக்கக் கூடாது சார்."

பீரோ தெருவுக்குப் போனது. கட்டில், மேஜை, அரிசி டின், கடைசியில் வாசல் கதவும் போனது. வழியே போன ஒருவர், "வீடு வாடகைக்கு விடுதியளா?" என்று கேட்டார். "மொதல்ல நெட் வரட்டும், சொல்லுதோம்," என்றான் நம்பிராஜன். தாங்களும் சாமான் கணக்கில் சேரலாம் என்ற சந்தேகத்தில் தம்பிகள் இருவரும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள்.

சிக்னல் முழுசாக வந்துவிட்டது. பலவேசத்துக்குக் கண் கலங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"வீடியோல ரொம்ப அசையாதீங்க சார். அசைய அசைய நெட் கூடுதலாச் செலவாகும்."

"கண்ணைச் சிமிட்டலாமா?" என்றார் பலவேசம் தம்பிகளிடம்.

"அதுவும் அசைவுதானே அண்ணே."

"மூச்சு?"

"தேவைக்கு மட்டும் விடுங்க."

"அப்போ பேச்சு?"

"உதடு அசையும்லா!" என்று இருவரும் பதறினார்கள்.

சாயங்காலம் வீடியோவில் வடிவு வந்தாள். படம் பளிங்கு மாதிரித் தெளிவு. "நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தாள். பலவேசம் கல்லாக இருந்தார். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்து சாவகாசமாக நடந்தது. அப்போதும் மனுஷர் அசையவில்லை.

"போச்சு, மறுபடியும் நின்னுபோச்சு!" என்றார் வீடியோவில் கூடவே சேர்ந்திருந்த பெண்ணின் அம்மா.

பலவேசத்தின் நெஞ்சு வெடித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அம்மா, இங்க பாரேன்! ஆளு நின்னுட்டாரு, கண்ணீர் மட்டும் ஓடுது!" என்றாள் வடிவு. அவள் குரல் இளகிவிட்டது. "ஏங்க, லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதமா? ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லலைன்னா இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிடுவேன்."

பலவேசத்தின் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது.

"அண்ணே, வாயைத் திறந்துராதீங்க, நெட் போயிரும்!" என்று தரையிலிருந்து கிசுகிசுத்தான் நம்பிராஜன். "பொறுங்க, நான் மோடத்தை ஆஃப் பண்ணிருதேன். அப்புறம் நெட் செலவாகுமேன்னு பயமில்லாம, ஆடி அசைஞ்சு தாராளமாச் சொல்லுங்க."

தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான்.

வடிவின் முகம் மறைந்தது. பலவேசம் துள்ளி எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, வெறும் போனைப் பார்த்துத் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "சம்மதம்! நூறு தடவை சம்மதம்!"

கொம்பையா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "நல்லவேளை அண்ணே. நெட் இருக்கும்போதே சொல்லியிருந்தீங்கன்னா, காரியமே கெட்டிருக்கும்."