நாற்றுச் சட்டிக்கு அடியில் ஓட்டை வந்த கதை

செடிகளும் கொடிகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கும். வெயில் உறைத்தால் திட்டும். கேட்பதும் கேட்காததும் மனிதர் பாடு.

அந்தக் காலத்தில் ஆற்றோரத்து ஊர் ஒன்றில் பூவாயி என்று ஒருத்தி இருந்தாள். கத்தரி பயிரிடுவதில் அவளுக்கு நல்ல கை. அவள் புருஷன் கலியன் பானை வனைகிறவன். அவன் பானை ஒழுகியதாக ஒருவரும் சொன்னதில்லை. சூளையிலிருந்து எடுத்த ஒவ்வொரு பானையிலும் தண்ணீர் நிரப்பி, காய்ந்த சாம்பல்மேல் ஒரு பகல் முழுக்க வைத்திருப்பான். சாம்பல் துளி நனைந்திருந்தாலும் அந்தப் பானையைத் தன் கையாலேயே போட்டு உடைப்பான்.

ஒரு வருஷம் மழை முன்கூட்டியே வந்தது. ஆறு கரை தாண்டியது. ஊரில் இருந்த கத்தரிப் பாத்தி அத்தனையும் மண்ணோடு போயிற்று. பூவாயி கூரையில் செருகி வைத்திருந்த துணி முடிச்சு ஒன்றுதான் மிஞ்சியது. அதில் மூன்று பிடி விதை. அதுவும் போனால் அந்த ஊரில் இனி கத்தரி கிடையாது.

வெளியே விதைக்க வழியில்லை. மழை விட்டபாடில்லை, ஈரத்தில் நத்தைகள் வேறு பெருகிக் கிடந்தன. வீட்டுக்குள்ளேயே முளைக்க வைத்து, தரை காய்ந்ததும் பிடுங்கி நட்டால் என்ன என்று பூவாயி யோசித்தாள். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

முதல் பிடியைக் கொட்டாங்குச்சிகளில் மண் போட்டு விதைத்து, வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்தாள். முளைத்தன. இரண்டாவது இலை விடுவதற்குள் புலம்பல் தொடங்கிவிட்டது.

"அம்மா, காலை நீட்ட இடமில்லை. சுத்திச் சுத்தி வர்றேன்" என்றது ஒரு நாற்று.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. மழை நிக்கட்டும்."

மழை நின்று ஒரே ஒரு நாள் வெயில் அடித்தது. பூவாயி ஆற்றுக்குத் துணி துவைக்கப் போய் வருவதற்குள் அந்தக் கையளவு மண் காய்ந்து, நாற்றெல்லாம் கருகித் தலை சாய்ந்துவிட்டன. சாயந்திரம் மறுபடி மழை.

இரண்டாவது பிடியை அகலமான மூங்கில் கூடையில் விதைத்தாள். இடம் தாராளம். ஆனால் ஊற்றின தண்ணீர் ஊற்றின வேகத்தில் இடுக்கு வழியாக ஓடியது. கூடவே மண்ணும் போயிற்று. விதைகள் தரையில் கொட்டின. கோழி பொறுக்கித் தின்றது.

கடைசிப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் சும்மா இருந்தாள். பிறகு கலியனிடம் போனாள்.

"மாமா, வாய் அகலமா ஒரு சட்டி வேணும். மண்ணும் நிக்கணும், தண்ணியும் நிக்கணும்."

"என் சட்டியில நிக்காம வேற எதுல நிக்கும்?" என்று சொல்லி, மீன் குழம்புக்கென்று செய்த பெரிய சட்டியை எடுத்துக் கொடுத்தான்.

விதைத்த எட்டாம் நாள் முளை வந்தது. நாற்றுகள் நெருக்கமாக, பச்சையாக எழுந்தன. பூவாயி ஒருவேளைகூடத் தவறாமல் தண்ணீர் தெளித்தாள். பன்னிரண்டாம் நாள் இலைகள் மஞ்சளாயின. சட்டியிலிருந்து குளத்துச் சேற்று வாடை வந்தது.

"என்னடா ஆச்சு உங்களுக்கு?"

"கீழே தண்ணி தேங்கிக் கிடக்கு அம்மா" என்றது நடுவில் நின்ற நாற்று. அதன் குரல் மெலிந்திருந்தது. "மேல நீ ஊத்துறது எல்லாம் கீழதான் நிக்குது. மூச்சு முட்டுது."

சட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்கப் பார்த்தாள். சேறு சரிந்து நான்கு நாற்றுகள் வெளியே விழுந்தன. பதறிப்போய் நிமிர்த்தி வைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"அடியில ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க மாமா. சின்னதா இருந்தா போதும்."

கலியன் முகம் கறுத்துவிட்டது. "ஓட்டையா? என் சட்டியிலயா? ஒழுகுற பானையை நான் வீட்டுக்குள்ளயே விட்டதில்ல. நீ என் கையாலேயே ஓட்டை போடச் சொல்ற!"

"இது சமைக்கிற சட்டி இல்லியே."

"சட்டி சட்டிதான்" என்று சொல்லிவிட்டு ஏரிக்குக் களிமண் வெட்டப் போய்விட்டான்.

 பூவாயி இரண்டு பெரிய கற்களைப் போட்டுச் சட்டியை அவற்றின்மேல் ஏற்றினாள். தரையில் மல்லாந்து படுத்து, கூரான இரும்பு ஆணியைச் சட்டியின் அடியில் வைத்துத் திருக ஆரம்பித்தாள். தட்டினால் சட்டி விரிசல் விட்டுவிடும். அதனால் திருகினாள், நிறுத்தினாள், திருகினாள். சிவந்த தூள் கண்ணில் விழுந்தது. உள்ளங்கை கொப்பளித்தது. உச்சிப்பொழுது சாய்ந்தபோது ஆணி சட்டென்று உள்ளே போயிற்று. கறுப்புத் தண்ணீர் அவள் முகத்தில் கொட்டியது.

மேலே நாற்றுகள் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

கலியன் திரும்பி வந்தபோது சட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தான். அவளைத் திட்டவில்லை. மண்வெட்டியைச் சாத்திவிட்டு சூளைக் கொட்டகைக்குப் போனான். அன்று வீட்டில் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பூவாயி கஞ்சியைக் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வருவாள். அவன் குடித்துவிட்டுக் கலயத்தைக் கழுவி வைப்பான். பேச்சு மட்டும் இல்லை.

நாலாம் நாள் பானை வாங்க வந்த எண்ணெய்ச் செக்கு ஆட்டுகிறவன் மனைவி செவந்தி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "கலியண்ணன் வீட்டுலயே சட்டி ஒழுகுதே! நான் வேற ஊர்ல வாங்கிக்கிறேன்."

அது அவனுக்குத் தாங்கவில்லை. பூவாயி விறகு பொறுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, குழைத்த களிமண் உருண்டையோடு வீட்டுக்குள் வந்தான். சட்டிக்கு அடியில் விரலை விட்டு ஓட்டையைத் தடவித் தேடினான். நூல் போல மெத்தென்று ஏதோ விரலில் பட்டது.

"அழுத்தாதீங்க ஐயா. அது என் வேர்" என்றது நடுவில் நின்ற நாற்று.

கலியன் கையை இழுத்துக்கொண்டான். குனிந்து பார்த்தான். வெள்ளை வெளேரென்று ஒரு வேர் ஓட்டைக்கு வெளியே அரை விரல் நீளம் தொங்கியது.

"சட்டிக்கு வெளியே உனக்கு என்ன வேலை?"

"தண்ணி போன வழியிலயே நானும் வந்துட்டேன். இந்த வழி இல்லேன்னா அழுகிப்போயிருப்பேன். என் பக்கத்துல நின்னது அழுகித்தான் செத்துச்சு."

கலியன் நிமிர்ந்து இலைகளைப் பார்த்தான். மஞ்சள் போய்ப் பச்சை ஏறியிருந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பூவாயி விறகுக்கட்டோடு வந்தபோது, அவன் கையில் இருந்த களிமண்ணைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"அடைச்சிட்டீங்களா?"

"இல்ல." களிமண்ணைக் கீழே வைத்துவிட்டு, "ஓட்டை கோணலா இருக்கு" என்றான்.

"ஆணியால போட்டா அப்படித்தான் இருக்கும்."

"சுட்ட பிறகு போடக் கூடாது. பச்சை மண்ணா இருக்கும்போதே போடணும். கையைக் காட்டு." அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான்.  அன்று வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அடுத்த சூளைக்கு நாற்றுக்கென்றே பன்னிரண்டு சட்டி வனைந்தான். ஈரம் காய்வதற்கு முன்பு ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டுவிரலைக் குத்தி எடுத்தான். ஓட்டை வழியாக மண் கொட்டாமல் இருக்க உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை மேலே வைக்கலாம் என்று கண்டுபிடித்தது பூவாயி. தரை காய்ந்ததும் நாற்றுகளைப் பிடுங்கி வீட்டுக்கு ஐந்தாக ஊர் முழுக்கக் கொடுத்தாள். செவந்திக்கும் கொடுத்தாள். தை மாதம் எல்லா வீட்டிலும் கத்தரிக்காய் காய்த்தது.

மற்றப் பானையில் ஓட்டை இருந்தால் திருப்பிக் கொடுக்கிற நாம், நாற்றுச் சட்டி வாங்கும்போது மட்டும் முதலில் அதைக் கவிழ்த்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அந்த வருஷத்திலிருந்துதான்.