முதல் பால்

மேற்கு மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்பவன் பேச்சிமுத்து. புல்லறுப்பது, கறப்பது, மாட்டுக்கு முடியாமல் போனால் அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடப்பது எல்லாம் அவன்தான். மடத்தின் தலைவரான அடிகளுக்குத் தான் சீடன் என்று சொல்லிக்கொள்வான். அடிகள் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, இல்லையென்றதும் இல்லை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

அங்கே ஒரு வழக்கம். அமாவாசைப் பூசை முடிந்ததும் அபிஷேகப் பாலில் ஒரு கிண்ணி எடுப்பார்கள். அன்று மடத்தில் இருக்கும் பிள்ளைகளில், தாய்ப்பால் மறந்த ஆகச் சின்னப் பிள்ளைக்கு அது. முதல் பால் என்று பெயர். மாடு பார்ப்பவன் கையால்தான் புகட்ட வேண்டும்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சிமுத்து அந்தக் கிண்ணியைப் பிடித்திருக்கிறான். தனக்கென்று ஒன்று பிறக்கத்தான் வெகுகாலம் ஆகிவிட்டது.

பிறந்தவள் ஆவுடை. அவள் தாய்ப்பால் மறந்த கையோடு வந்த அமாவாசையில், அப்பன் கையால் முதல் பால். ரெண்டே வாய்தான். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் தென்காசிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். பால், தயிர், மோர், நெய் எதுவும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

இப்போது ஆவுடை ஓடுகிறாள், பேசுகிறாள். தை அமாவாசை நெருங்கிவிட்டது. பேச்சிமுத்து அடிகளிடம் போய் நின்றான்.

"சாமி, பிள்ளைக்கு எந்தப் பால் கொடுக்கலாம்?"

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"ஆட்டுப்பால்?"

"ஆகாதாம். எருமைப்பாலும் ஆகாதாம். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்களாம்."

"தேங்காய்ப்பால்?"

"ருசிக்கு ஊத்திக்கலாமாம். அதை நம்பிப் பிள்ளையை வளர்க்கக் கூடாதாம். பாதாம்பாலும் அப்படித்தானாம், தண்ணிதான் ஜாஸ்தி."

"பிறகு எதைத்தான் சொன்னார்?"

"சோயா பால். சுண்ணாம்புச் சத்து சேர்த்தது கடையில வருதாம், அது. ஒத்துக்குதான்னு அங்கேயே வச்சுப் பார்த்துட்டார். கூடவே கேப்பைக்கூழ், பருப்பு, முட்டை, கீரை. அப்பப்போ கொண்டாந்து எடை பார்த்துக்கோன்னார்."

"நல்லாத்தானே சொல்லியிருக்கார். என்கிட்ட என்ன கேள்வி?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

"சிவப்பி பாலுன்னு வச்சுக்கோங்க சாமி. என் கையால புல்லுப் போட்டு வளர்த்த மாடு. அதுவும் அபிஷேகம் ஆகி வந்த பாலு. அதுல ஒரே ஒரு சொட்டு, நாக்குல தொட்டு வச்சா..."

"மூச்சு நின்னுரும்."

"சாமி தலையில விழுந்த பாலு சாமி அது!"

"போன தடவை எங்க விழுந்த பாலு?"

பேச்சிமுத்து பேச்சை வேறு பக்கம் திருப்பினான்.

"அந்தச் சோயாவை நான் கொடுத்தா அவ துப்பிடுதா சாமி."

"அவ அம்மா கோமதி கொடுத்தா?"

"குடிக்கிறா. அதான் வயித்தெரிச்சல்."

அவன் பெண்டாட்டி கோமதி முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"இவரு கொடுக்கிற அழகை நீங்க பார்க்கணும் சாமி. டம்ளரைக் கையில எடுக்கையிலேயே ஒரு பெருமூச்சு. 'இது பாலு கண்ணு, நம்ம சிவப்பி பாலு'ன்னு ஒரு பொய். பிறகு பிள்ளை மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, எழவு வீட்டுல குந்தியிருக்கிற மாதிரி."

"நீ சும்மா இரு ஏட்டி."

"நான் சும்மாதான் இருக்கேன். டம்ளரை நீட்டுறேன், என் சோலியைப் பார்க்கேன். அவ குடிச்சிருதா."

அடிகள் இருவரையும் பார்த்தார்.

"பேச்சிமுத்து, நாளைக்கு மத்தியானம் நீ எனக்குப் பரிமாற வேண்டாம். உனக்கு நான் பரிமாறுறேன்."

மறுநாள் பந்தியில் பேச்சிமுத்து கூச்சத்தோடு உட்கார்ந்தான். அடிகளே இலை போட்டார், சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார். வாழைக்காய்ப் பொரியல் வைத்தார். பிறகு அவனுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அவன் முதல் கவளத்தை எடுத்தான்.

"பாவம்," என்றார் அடிகள்.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு. இது பாயசம்."

"சாம்பார் சாமி."

"பாயசம் மாதிரியேதான் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிரு."

இரண்டாவது கவளம். அடிகள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு பிதுங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்றாவது கவளத்துக்குத் துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றினார். அடுப்படியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியைக் கீழே போட்டார்கள்.

பேச்சிமுத்து கையை இலையிலேயே வைத்துவிட்டான்.

"சாமி, இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்னால உட்கார்ந்தா சோறு எப்படி இறங்கும்?"

"சோத்துல என்ன குறை?"

"சோத்துல ஒரு குறையும் இல்ல."

அடிகள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கோமதி சோயா டம்ளரை நீட்டியபோது பேச்சிமுத்து அதைத் தான் வாங்கிக்கொண்டான். பெருமூச்சு ஒன்று கிளம்பி வந்தது. அதைக் கொட்டாவியாக்கி வெளியே விட்டான்.

"என்னது?" என்றாள் ஆவுடை.

பாலு என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"சோயா."

"சோயா," என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு தடவை சொன்னாள். அவன் பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்து முறுக்கத் தொடங்கினான். முறுக்கி முடித்துத் திரும்பியபோது பாதி டம்ளர் காலியாகியிருந்தது. மீதியை அவள் தன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தை அமாவாசை அன்று மடம் நிறைய ஜனம். பூசை முடிந்தது. அடிகள் கிண்ணியில் அபிஷேகப் பாலை ஊற்றிப் பேச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோமதி எட்டத்தில் தூணோரம் நின்றிருந்தாள்.

அன்றைக்கும் ஆகச் சின்னப் பிள்ளை ஆவுடைதான். அவளுக்கு அடுத்தது புளியங்குடியிலிருந்து வந்தவர்களின் பையன். பேச்சிமுத்து அந்தப் பையனை நோக்கி நடந்தான்.

"அப்பா, எனக்கு?" என்று ஆவுடை கையை நீட்டினாள்.

அவன் நின்றுவிட்டான். கிண்ணியில் பால் தளும்பியது.

"இவளை விட்டுட்டு எங்க போற?" என்றாள் பக்கத்தில் நின்ற சொந்தக்காரி ஒருத்தி. "ஒரு சொட்டு வாயில வையேன்யா. பிள்ளை ஏங்கிப் போயிரப் போகுது. சாமி பாலு என்ன செஞ்சிரும்?"

சுற்றி நின்ற நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். கோமதி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

பேச்சிமுத்து கிண்ணியைப் பார்த்தான். ஆவுடையைப் பார்த்தான்.

"மூச்சு நின்னுரும் மதினி," என்றான். "போன தடவையும் சாமி பாலுதான்."

பிறகு பிள்ளையிடம் சொன்னான்: "இது உனக்கு ஆகாது தாயி."

"ஆகாது," என்றாள் ஆவுடை.

அவன் புளியங்குடிப் பையனிடம் போய்க் குனிந்து, கிண்ணியை உதட்டில் வைத்துப் புகட்டினான். பையன் பாதி குடித்தான், போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் வாசலில் பலூன்காரன் பீப்பீ ஊதினான். பிள்ளைகள் கூட்டமாக அந்தப் பக்கம் ஓடின. ஆவுடை அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, எல்லாருக்கும் பின்னால் ஓடினாள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பேச்சிமுத்து பாதிக் கிண்ணியோடு அடிகளிடம் வந்தான்.

"கொடுத்துட்டேன் சாமி."

"ஆவுடை அழுதாளா?"

"இல்ல சாமி." அவன் தோள்துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

அடிகள் அவன் கையிலிருந்த கிண்ணியை வாங்கிப் பார்த்தார்.

"பாதி மிச்சம் இருக்கே."

"யாருக்குக் கொடுக்க சாமி?"

"யார் அழுறாங்களோ அவங்களுக்கு."

பேச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். பிள்ளைகள் எல்லாம் வாசலில் இருந்தன. பலூன் ஒன்று வெடித்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அவன் திரும்பினான். அடிகள் கிண்ணியை அவன் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார்.