நசுங்காத வட்டம்

"ஒரே ஒரு கையெழுத்து, மேடம். அதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்று கேட்டார் பரஞ்சோதி.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரிகளில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்துவிட்டு, நிலவியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியே தீருவேன் என்று வந்தவர். அவருக்கு வழிகாட்டும் ஆசிரியை நிலோஃபர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

வழிகாட்டியின் கையெழுத்தோடு ஆய்வேட்டைக் கொடுக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இனி அவகாசம் கிடையாது. தவறினால் ஆறு வருஷ உழைப்பும் போச்சு.

நிலோஃபர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"'இந்த மூலைக்கு எதுவும் நேரவில்லை.' எப்படிச் சொல்றீங்க, ஐயா?"

பரஞ்சோதி ஆய்வுக்கூடத்தின் நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். மாணவர்கள் பார்ப்பதற்காகப் புதிதாக மணல் பரப்பியிருந்தது. அந்த மணல்தான் கண்டம். தெற்கிலிருந்து ஒரு தீவு மெல்ல வந்து அதில் மோதி ஒட்டிக்கொள்ளும். பிறகு கிழக்கிலிருந்து இன்னொன்று. தீவுகளும் மணல்தான்; மோட்டார்கள் தள்ளும். பூமியில் கோடி வருஷம் பிடிப்பது இங்கே ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். எது எவ்வளவு நசுங்கியது என்று தெரிவதற்காக, மணலின் மேல் நீலப் பொடியில் சின்னச் சின்னதாக நூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள்.

"மத்த வட்டமெல்லாம் நசுங்கிப் போயிடுது. இந்த மூலையில இருக்கறது மட்டும் வட்டமாவே நிக்குது. பத்து தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். பத்து தடவையும் அப்படியேதான்."

"அந்த ஆறு மணி நேரமும் நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளியிலதான். ஆரம்பத்துல அளப்பேன், முடிஞ்சதும் வந்து அளப்பேன்."

"நடுவுல?"

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெடி வெச்சா யாராச்சும் கிட்ட நின்னு பாப்பாங்களா, மேடம்? வெடிக்கு முன்னாடி ஒரு அளவு, புகை அடங்கினதும் ஒரு அளவு. முப்பது வருஷம் அப்படித்தான். ஒரு அங்குலம் தப்பினதில்ல."

நிலோஃபர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அந்த மூலைப் பக்கம் போட்டார்.

"உட்காருங்க."

"இன்னைக்கா? அஞ்சு மணிக்கு..."

"இப்போ ஒன்பதரை. மூன்றரைக்கு முடிஞ்சிடும்."

மோட்டாரை ஓடவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பரஞ்சோதிக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நினைத்தார். ஆனாலும் உட்கார்ந்தார். மணல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. இரண்டு தடவை தூங்கி விழுந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவருடைய வட்டம் முட்டை மாதிரி ஆகியிருந்தது.

"மேடம்! நசுங்குது!"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பாருங்க."

பிறகு கிழக்குத் தீவு வந்து சேர்ந்தது. முட்டையின் நீண்ட முனைகளை அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளியது. பரஞ்சோதி சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றரைக்கு மோட்டார் நின்றது. வட்டம் பழையபடி வட்டமாக இருந்தது. சற்றுச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். நீளமும் அகலமும் சமமா என்று மட்டுமே இத்தனை நாள் பார்த்து வந்த மனிதர், அதை இன்றைக்குத்தான் கவனித்தார். பத்து தடவை பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

நிலோஃபர் பேனாவோடு வந்தார்.

"மணி இன்னும் நாலாகல. அந்த ஒரு வரியை அடிச்சுட்டு மேலே திருத்தி எழுதுங்க, ஐயா. கையெழுத்துப் போட்டுடறேன்."

பரஞ்சோதி ஆய்வேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம், மேடம்."

"இன்னைக்கு விட்டா மறுபடியும் முதல்லேருந்து பதிவு பண்ணணும்."

"பண்ணிக்கறேன்." அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் பார்த்தது ஒரு வட்டம்தான். இன்னும் நூத்திப் பதினொண்ணு இருக்கு."