போர்டோடு ஒட்டிய மெமரி

திருச்சியில் ஜெசிந்தாவிடம் லேப்டாப் போர்டில் சிப் மாற்றும் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் அருணகிரிக்குத்தான் வயது அதிகம். ஐம்பத்தாறு. டீச்சருக்கு முப்பத்திரண்டு.

இருபத்தெட்டு வருஷம் டிவி ரிப்பேர் பார்த்த மனிதர், இங்கே மூன்று மாதமாகச் செத்த போர்டுகளில் மட்டும் பழகிக்கொண்டிருந்தார். உயிருள்ள போர்டு கடைக்கு வந்தால் டீ வாங்கக் கிளம்பிவிடுவார். கெட்டிக்காரர்தான்!

ஒரு நாள், கடை திறந்ததும் ஹாஜிரா என்ற ஆராய்ச்சி மாணவி லேப்டாப்போடு வந்தாள்.

"வெள்ளம் வர்ற இடங்களை மேப் போடுறேன் மேடம். பாதியில நின்னுடுது. மெமரி நாலு ஜிபிதான். திங்கக்கிழமை ஆய்வை ஒப்படைக்கணும். இந்த மாடியில எந்தக் கடையில கேட்டாலும், மெமரியை போர்டோடயே சால்டர் பண்ணியிருக்கு, கூட்ட முடியாதுங்கிறாங்க."

ஜெசிந்தா லேப்டாப்பை அருணகிரி பக்கம் நகர்த்தினாள்.

"முடியுமாண்ணே?"

"நாலு சிப்பையும் பெயர்த்துட்டுப் பெரிய சிப் உட்கார வைக்கணும். நீங்க பண்ணலாம் டீச்சர்."

"நீங்க பண்ணுங்க."

"நானா? எனக்கு டிவிதான் வரும். சூடு கொஞ்சம் கூடுனா இந்தப் பொண்ணோட போர்டு போயிடும்."

"மேப்பெல்லாம் பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டேன் சார்," என்றாள் ஹாஜிரா. "இப்படியே இருந்தா எனக்கு எப்படியும் உதவாது. பண்ணுங்க."

அருணகிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போர்டு செத்துச்சுன்னா நான் இந்த வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிடுவேன் டீச்சர். சத்தியமா."

ஜெசிந்தா டீ வாங்கி வரப் போய்விட்டாள்.

வேறு வழி? சூடான காற்று ஊதும் கருவியைப் பிடித்து ஒவ்வொரு சிப்பாகப் பெயர்த்தார். புது சிப்புகளை வைத்தார். பதினோரு மணிக்குப் பவர் பட்டனை அமுக்கினார்.

திரை வந்தது. மெமரி நாலு ஜிபி என்றது.

ஜெசிந்தா டீயோடு திரும்பியபோது அருணகிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "அப்பவே சொன்னேன் டீச்சர். சிப் மாத்தியும் அதே நாலு. நமக்கு இது ஆகாது."

"திரை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப சூடு சரி. சிப்பும் சரி. எத்தனை ஜிபி இருக்குன்னு போர்டுக்கு யார் சொல்றாங்க?"

அவர் டீச்சரைப் பார்த்தார். பையைக் கழற்றினார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.

சிப்புகளுக்குப் பக்கத்தில், எறும்பை விடச் சின்னதாக ஒரு ரெசிஸ்டர். அது இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் மெமரி எவ்வளவு என்று போர்டு தெரிந்துகொள்ளும். சிப்பெல்லாம் மாறியும் அது பழைய இடத்திலேயே உட்கார்ந்து பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அடச்சே! இதை விட்டுட்டேனே!"

இடுக்கியால் அதை எடுத்துப் பக்கத்து இடத்தில் பற்றவைத்தார். மறுபடி பவர்.

எட்டு.

"எட்டு! சார், எட்டு!" ஹாஜிரா போட்ட சத்தத்தில் அந்த மாடியே திரும்பியது. மேப்பைத் திறந்தாள். திரையில் ஓர் ஆறு மலையில் தொடங்கிக் கடல் வரை ஓர் இடத்தில்கூட நிற்காமல் விரிந்தது. முடியாது என்று சொன்ன கடைக்காரர்களெல்லாம் ஓடி வந்து லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அருணகிரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்தக் கடைக்காரர்களில் ஒருவர் வேறொரு லேப்டாப்போடு வந்து நின்றார். "மேடம், இதுலயும் மெமரி கூட்டணும்."

ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. "அண்ணன்கிட்ட குடுங்க."

"என்கிட்டயா?" என்று பதறினார் அருணகிரி. "நான் டிவி பாக்குற ஆளு டீச்சர். என்னால எங்க..."

"இன்னும் பழைய கணக்கையே சொல்றீங்களே. நாலுன்னு காட்டுனதெல்லாம் காலையிலண்ணே."