பந்திக்கு வந்த கழுதை

செங்காட்டு ஜமீன்தார், தர்மவான் என்று பேர் வாங்குவதற்காக, கேட்பாரற்ற கால்நடைகளுக்கு ஒரு தொழுவம் கட்டிவைத்தார். ஆனால் காலையில் ஒரு வேளைதான் தீனி. எலும்பும் தோலுமாய் நின்ற மாடுகளையும் ஒரு கழுதையையும் பார்த்துத் தொழுவக்காரி குருவம்மாவுக்கு மனசு தாங்கவில்லை.

“எசமான், சாயங்காலமும் கொஞ்சம் வைக்கோல் போடலாமுங்களா?”

“அதுகளுக்குப் பசிக்குதுன்னு நீ யாரு சொல்ல? அதுகளே வந்து என்கிட்ட சொல்லட்டும், போடலாம்!” என்று மீசையைத் தடவிக்கொண்டார் ஜமீன்தார்.

“ஆகட்டும் எசமான்” என்று கும்பிட்டுவிட்டு வந்தாள் குருவம்மா.

மறுநாள் சாயங்காலம் அரண்மனையில் விருந்து. பெரிய மனுஷர்கள் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து, அவள் தொழுவத்தைத் திறந்து அத்தனையையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு பசு ஜமீன்தாரின் இலையை வடையோடு இழுத்து மென்றது. கழுதை அவர் காதோரம் நின்று கத்தித் தீர்த்தது.

“என்னடி இது அநியாயம்?” என்று அலறினார்.

“உங்ககிட்ட சொல்லத்தான் வந்திருக்குதுங்க எசமான். பசு சொல்லிருச்சு. கழுதை இன்னும் சொல்லி முடிக்கலை.”

பந்தியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜமீன்தாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ரெண்டு வேளையும் போடு தாயி! முதல்ல இந்தக் கழுதையை வெளியே கூட்டிட்டுப் போ, அது பாயசத்தை மோந்து பாக்குது!”