கோட்டைக் கதவைத் தாழிட்டது யார்?

கிறீச்... கிறீச்... இருட்டியதும் வாசற்கதவில் ஏதோ பிராண்டியது. எலிக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. பூரணி கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உளி முனை ஒன்று மரத்தைத் துளைத்து வந்தது. தாழ்ப்பாள் பெயர்ந்து டணாரென்று தரையில் விழுந்தது. கதவு தானாகத் திறந்தது.

வெளியே படைத் தளவாய் ருத்திரப்பர், சிரித்த முகமாக.

"நாளைக்கு என் பாட்டனார் பெயர்தானே சொல்லப்போறே, அம்மா? தாழில்லாத வீட்டில் பச்சைப்பிள்ளையோடு படுக்கிறது கஷ்டம் பாரு!"

தாழ்ப்பாளை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். சற்றைக்கெல்லாம் தலைமை மந்திரியான பிரதானி ஒப்பிலாமணி வந்தார். கதவுதான் திறந்து கிடக்கிறதே!

"தளவாயோட தாத்தா பெயரைச் சொன்னியோ, நாளைக்கும் இப்படித்தான் தட்டாமல் வருவேன்."

விஷயம் இதுதான். செங்கானூர் விடுதலை பெற்று ஐம்பது வருஷம். அன்றிரவு, கோட்டையைப் பிடித்து வைத்திருந்த பகைவர் படை மொத்தமும் ஆற்றங்கரைக்குக் கூத்துப் பார்க்கப் போயிருந்தது. யாரோ கோட்டைக் கதவை உள்ளிருந்து தாழிட்டுவிட்டார்கள். திரும்பி வந்த படை தட்டிப் பார்த்தது, திட்டிப் பார்த்தது, விடிந்ததும் சொந்த ஊருக்கு நடையைக் கட்டியது. அவ்வளவுதான் போர்!

அதைக் கொண்டாட அரசன் கோதண்டவர்மன் தினமும் ஒரு சரித்திரச் சொற்பொழிவு வைத்தான். பேசுகிறவருக்கெல்லாம் பொன்னாடை. "சுருக்கமாகச் சொல்லி அமர்கிறேன்" என்றவர்கள் விளக்கேற்றும் வரை அமரவில்லை. தாழிட்டது தம் பாட்டனார்தான் என்று ஆளாளுக்குச் சாதித்தார்கள். கடைசிப் பேச்சு அவைக் கதைசொல்லி பூரணியுடையது. அவள் சொல்லும் பெயரைக் கோட்டைக் கதவில் பொறிப்பதாக அரசன் அறிவித்துவிட்டான்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பூரணி எழுந்தாள்.

"தளவாய் ஐயா, தாழிட்டபின் உங்கள் பாட்டனார் என்ன செய்தார்?"

"மேடையிலேயே சொன்னேனே! வாளோடு பாய்ந்து பகைவரை ஆறு வரைக்கும் விரட்டினார்."

"பிரதானி ஐயா?"

"என் பாட்டனார் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் விரட்டினார்!"

"அவங்க ரெண்டு பேருக்கும் முன்னால் குதிரையில் போனவர் என் பாட்டனார்" என்று அரசனும் விட்டுக்கொடுக்காமல் சேர்ந்துகொண்டான்.

"கதவு எப்போது திறந்தது, மகாராஜா?"

"விடிந்து, பகைவர் கண்மறைந்த பிறகுதான். ஊருக்கே தெரியுமே."

"அப்படியானால் உள்ளே தாழிட்ட கதவுக்கு வெளியே இந்தப் பாட்டனார்கள் எப்படிப் போனார்கள்? வீராதிவீரர்கள் எல்லாரும் ராத்திரி முழுக்க வெளியில்தான் இருந்திருக்கிறார்கள். பகைவரோடு கூத்துப் பார்த்தார்களோ என்னவோ, அதை நான் கேட்கவில்லை. உள்ளே மிச்சம் இருந்தது என்னைப்போலப் பிள்ளைக்காரிகள்தான். இருட்டினதும் தாழைத் தேடுகிறவர்களும் நாங்கள்தானே!"

தளவாய் பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார். அரசன் முகம் முதலில் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"என்னையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டாயே! கதவில் 'பிள்ளைக்காரிகள்' என்றே பொறிக்கட்டும். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"என் வீட்டுத் தாழ்ப்பாள், மகாராஜா. தளவாய் மடியில் இருக்கிறது. பிரதானி ஆணி பிடிக்கட்டும், தளவாய் அடிக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. அவர்களுடைய பாட்டனார்கள் நின்ற இடத்துக்கே இருவரையும் அனுப்பிவிட்டு, பூரணி உள்ளேயிருந்து தாழிட்டாள்.